அப்பாவின் நெஞ்சு நோ

படிவத்தின் ஏழாம் பக்கம் வரைக்கும் எல்லாம் சுகமாகத்தான் போனது.

பெயர், பிறந்த திகதி, உயரம், நிறை. சிகரெட் இல்லை. குடி கிழமைக்கு எத்தனை யூனிட் என்று கேட்டிருந்தது. நான் ஐந்து என்றேன், மனைவி எட்டு என்றாள், புரோக்கர் அண்ணை என்னைப் பார்க்காமலே எட்டு என்று எழுதினார். ஏழாம் பக்கத்துக் கேள்வி இது: உங்கள் தாய், தந்தை, கூடப்பிறந்தவர்களில் யாருக்காவது அறுபது வயதுக்கு முன் இருதய நோய், பக்கவாதம், நீரிழிவு, புற்றுநோய் வந்ததா? வந்ததென்றால் எந்த வயதில்?

"அப்பா?" என்றார் அண்ணை.

"இல்லை" என்றேன்.

அப்பா உயிரோடு இல்லை என்பதைத்தான் சொன்னேன். அண்ணை அதை நோய் இல்லை என்று விளங்கிக்கொண்டு பெட்டிக்குள் சரி போடப் போனார்.

"பொறுங்கோ அண்ணை."

அது 2004 ஆவணி. தென் லண்டனில் மிட்சம் பக்கமாக ஒரு வரிசை வீடு பார்த்திருந்தோம். மூன்று அறை, பின்வளவில் காய்க்கிற அப்பிள் மரம் ஒன்று. விலை 2,15,000 பவுண். இரண்டு சீட்டை எடுத்து, என் இரவு வேலைக் காசையும் மனைவியின் காப்புகளையும் சேர்த்து 35,000 தேற்றினோம். மிச்சம் 1,80,000 மோர்கேஜ், இருபது வருடத்துக்கு. முதல் இரண்டு வருடம் 4.99 வீத வட்டி. மாதம் 1,187 பவுண். அப்போது எனக்கு 36 வயது, மனைவிக்கு 33, மகனுக்கு ஆறு. நான் ஒரு பெற்றோல் ஸ்டேசனில் இரவு வேலை, மனைவி சூப்பர்மார்க்கெட்டில் காசு வாங்கும் இடத்தில்.

லைஃப் இன்சூரன்ஸில் எங்களுக்குள் வாக்குவாதம் எதுவும் இல்லை. இங்கிலாந்தில் அது சட்டப்படி கட்டாயமல்ல. டப்ளினில் நேர்ஸாக இருக்கிற மனைவியின் மச்சாளுக்கு அது இல்லாமல் வங்கி வீட்டுக்கடனே கொடுக்கவில்லை, அயர்லாந்துச் சட்டம் அப்படி. என்றாலும் ஆள் செத்தால் கடன் தீரவேண்டும் என்பது எங்கள் சனத்துக்குச் சொல்லித் தெரியவேண்டிய விஷயமில்லை. இருவரில் யார் முதலில் போனாலும் மிச்சக் கடன் கட்டப்படும். கடன் குறையக் குறைய காப்புத் தொகையும் குறையும். அதற்கு மாதம் 14 பவுண்.

அண்ணை அதற்கு மேலே ஒன்றை வைத்தார். கிரிட்டிக்கல் இல்னஸ். மாரடைப்பு, புற்றுநோய், பக்கவாதம் என்று புத்தகத்தில் இருக்கிற கடும் நோய்களில் ஒன்று வந்தால், ஆள் சாகாவிட்டாலும் முழுத் தொகையும் கைக்கு வரும். முழுக்கடனுக்கும் சேர்த்தால் 14 பவுண் 68 ஆகும்.

"ஐம்பத்திநாலு பவுண் கூட" என்றாள் மனைவி. அந்த நாளில் அது எங்களுக்கு ஒரு கிழமைச் சாமான்.

"வருத்தத்துக்குத்தான் இஞ்சை ஆஸ்பத்திரி சும்மா பாக்குதே?" என்றேன் நான்.

லண்டனில் இதைக் கேட்காத தமிழன் இல்லை. அண்ணை அதற்கு விளக்கம் சொல்லவில்லை. "உம்மடை வேலையில வருத்தமெண்டு நிண்டா என்ன குடுப்பினம்?" என்று மட்டும் கேட்டார். எனக்கு வேலைத்தலத்துச் சம்பளம் நிற்கும், அரசாங்கம் விதித்த நோய்க்காலக் காசு வரும். அந்த வருடம் அது கிழமைக்கு 66 பவுண் 15 பென்ஸ். அதுவும் 28 கிழமைக்குத்தான். மோர்கேஜ் வட்டிக்கு அரசாங்கம் உதவும் என்று கேள்விப்பட்டிருந்தேன். விசாரித்தால், 1995 ஒக்ரோபருக்குப் பிறகு கடன் எடுத்தவர் 39 கிழமை காத்திருக்கவேண்டும், ஒரு லட்சம் வரையான கடனுக்கு வட்டி மட்டும் தருவார்கள், வீட்டில் மற்றவர் முழுநேரம் உழைத்தால் அதுவும் இல்லை. (2018க்குப் பிறகு அது உதவிப்பணமாகக்கூட இல்லை. கடனாகத் தந்து, வீட்டை விற்கும்போது பிடித்துக்கொள்கிறார்கள்.)

ஆஸ்பத்திரி நெஞ்சைத் திறந்து மூடி அனுப்பும். அந்த மாதத்து 1,187 பவுணை யார் கட்டுவது என்பது ஆஸ்பத்திரியின் கேள்வி அல்ல.

இனி அப்பா.

1987 ஒக்ரோபர் 10இல் யாழ்ப்பாணத்தில் இந்தியப் படையின் தாக்குதல் தொடங்கியபோது நாங்கள் கொக்குவிலில் இருந்தோம். இரண்டு நாளில் ஊரே வெளிக்கிட்டது. நல்லூர்க் கோயிலுக்குள்ளும் வீதியிலும் ஆயிரக்கணக்கில் சனம். எங்களுக்குக் கிடைத்தது தேர்முட்டிக்குப் பக்கத்தில் ஒரு பாய் அகலம். ஆறாம் இரவு அப்பாவுக்கு வியர்த்தது. நெஞ்சு நோகுது என்றார். வாய்வாக இருக்கும் என்று யாரோ ஓமத் தண்ணீர் கொடுத்தார்கள். பெரியாஸ்பத்திரி இரண்டு மைல் தூரம்கூட இல்லை, ஆனால் ஊரடங்கு. விடியுமுன் போய்விட்டார். வயது 51. எனக்கு 19. அந்தத் தீபாவளியன்று, 21ஆம் திகதி, ஆஸ்பத்திரிக்குள்ளேயே படை புகுந்து வைத்தியர்களையும் தாதியரையும் நோயாளிகளையும் சுட்டது. அதன் பிறகு வந்தவர்கள் எல்லோரும் அம்மாவிடம் ஒரே ஆறுதலைச் சொன்னார்கள்: நல்லகாலம், கொண்டுபோகேல்லை.

நான் இந்த நாட்டுக்கு வந்து அகதி விண்ணப்பம் கொடுத்தபோது இந்தச் சாவை ஒருமுறை எழுதிக் கொடுத்திருக்கிறேன். சட்டத்தரணி கேட்டது என்ன சூழ்நிலை என்பதை. ஊரடங்கு, இடப்பெயர்வு, வைத்திய வசதி கிடைக்கவில்லை. ‘நெஞ்சு நோ’ என்று நான் சொன்னதை மொழிபெயர்ப்பாளர் எழுதினார், ஆனால் பத்தியின் பாரம் முழுக்கப் போரில் விழுந்திருந்தது. அதில் பொய் எதுவும் இல்லை. பதினாலு வருடம் கழித்து இன்னொரு படிவம் அதே இரவைப் பற்றிக் கேட்டது. அதற்குப் போர் வேண்டாம், ஊரடங்கு வேண்டாம். இருதயம் மட்டும் வேண்டும்.

"சண்டைக்குள்ளை செத்தவரெண்டு விடலாமே" என்றார் புரோக்கர் அண்ணை. குரலில் கள்ளம் இல்லை, பரிவுதான் இருந்தது. "ஆர் கண்டது? டொக்டரும் பாக்கேல்லை. வெட்டியும் பாக்கேல்லை. இதைப் போட்டா உம்மடை பங்குக்கு விலையைக் கூட்டுவாங்கள்."

நான் யோசித்துச் சொல்கிறேன் என்றேன். அன்றிரவு கோலிங் கார்ட் ஒன்றைச் சுரண்டி அம்மாவுக்கு எடுத்தேன். சமாதான காலம், லைன் சுகமாகக் கிடைத்தது.

"அம்மா, அப்பாவுக்கு அண்டைக்கு உண்மையா என்ன நடந்தது?"

"ஏன்ரா இப்ப?"

"வீடு வாங்க ஒரு போர்ம் நிரப்பவேணும்."

"லண்டனில வீடு வாங்க அப்பாவின்ரை சாவு ஏன் அவங்களுக்கு?"

இந்தக் கேள்விக்கு என்னிடம் இன்றைக்கும் ஒழுங்கான பதில் இல்லை. அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. கார்டில் நிமிடம் போய்க்கொண்டிருந்தது. பிறகு, "அதுக்கு முதல் மாதமே இரண்டு தரம் சைக்கிளை நிப்பாட்டி நிப்பாட்டி வந்தவர். இடக்கை கனக்குதெண்டவர். பிள்ளையளுக்குச் சொல்லாதை எண்டவர்" என்றார்.

பதினேழு வருடம் எங்களிடமிருந்து மறைத்து வைத்திருந்ததை, வீடு வாங்குவதற்காகச் சொன்னார்.

மனைவியிடம் சொன்னேன். அவள் மகனின் பழைய பள்ளிக் கொப்பி ஒன்றில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்காமல், "அப்ப ஓம் எண்டு போடவேணும்" என்றாள்.

அவள் சொன்னது நேர்மைக்காக மட்டும் அல்ல. அண்ணை விட்டுப்போன சிறு புத்தகத்தை அவள் அகராதியோடு படித்திருந்தாள். அந்தக் காலத்தில் இந்தக் காப்புறுதிக்குப் பின்னால் நின்றது 1906இல் கப்பல் காப்புறுதிக்காக எழுதிய ஒரு சட்டம். கேட்டதற்கும் கேட்காததற்கும், தெரிந்த முக்கியமான எதையும் சொல்லாமல் விட்டால், கோரிக்கை வரும்போது கம்பனி ஒப்பந்தத்தையே இல்லாததாக்கலாம். கடும் நோய்க் கோரிக்கைகள் அந்நாளில் மறுக்கப்பட்ட கதைகளில் பாதி, ஜி.பி. என்கிற குடும்ப வைத்தியரின் பழைய குறிப்பில் இருந்த ஏதோ ஒன்று படிவத்தில் இல்லாததால் வந்தவை. 2013 ஏப்ரலில்தான் சாதாரண மனிதருக்கு வேறு சட்டம் வந்தது. கேட்ட கேள்விக்கு நியாயமான கவனத்தோடு பதில் சொன்னால் போதும் என்கிறது அது. எங்கள் படிவம் அதற்கு ஒன்பது வருடம் முந்தியது. இருபது வருடம் காசு கட்டி, கடைசியில் ஒரு பெட்டிக்குள் போட்ட சரியால் எல்லாம் போவதென்றால் அந்த 54 பவுணுக்கு மீன் வாங்கலாம் என்பது அவள் வாதம்.

புத்தகத்தில் அவள் பிடித்த இன்னொன்று: நோய் என்று கண்ட பிறகு 28 நாள் உயிரோடு இருக்கவேண்டும். பக்கவாதம் என்றால் நிரந்தரமான குறை இருக்கவேண்டும், வந்து போகும் சின்ன அடி சேராது. "சாகவும் கூடாது, சுகமாகவும் வரக்கூடாது. நடுவில நிக்கவேணும்" என்றாள். முழுக்கச் சரியில்லை. மாரடைப்பும் புற்றுநோயும் சுகமானாலும் காசு காசுதான், திருப்பிக் கேட்கமாட்டார்கள். ஆனால் அவள் அடிப்படையைப் பிடித்துவிட்டாள். வாங்குவது நோய்க்கான காப்பு அல்ல, சில வரைவிலக்கணங்களுக்கான காப்பு. காப்புறுதிக் கம்பனிகளின் சங்கம் 1999இல் அவற்றை ஒரே மாதிரியாக்க முயன்றதே, ஒவ்வொரு கம்பனியும் மாரடைப்புக்கு ஒவ்வொரு அர்த்தம் வைத்திருந்ததால்தான்.

கொப்பிக் கணக்கு இப்படிப் போனது. எனக்கு ஏதும் வந்து படுத்தால் முழுக்கடனும் தீரத்தான் வேண்டுமா? அவள் உழைப்பாள். மூன்று நாலு வருடம் வங்கிக்காரனைக் கதவுக்கு வெளியே வைத்திருந்தால் போதும். 60,000 பவுண் என்றால் ஐம்பது மாதத் தவணை. அதைக் குறைந்துபோகாத தொகையாக எடுப்போம். லைஃப் முழுக்கடனுக்கும், கடும் நோய் 60,000க்கு. இரண்டும் சேர்ந்து 41 பவுண். மாதத் தொகை இருபது வருடத்துக்கும் மாறாது என்று எழுத்தில் வேண்டும். கம்பனி இடையில் கூட்டக்கூடிய மாதிரியும் ஒன்று இருந்தது, தொடக்கத்தில் விலை குறைவு. அதை அவள் தொடவில்லை.

‘ஓம், தந்தை, இருதய நோய், வயது 51’ என்று எழுதிக் கொடுத்தோம். வைத்திய அறிக்கை இல்லை, குடும்பத்தாரின் வாய்மொழி என்று ஒரு வரி சேர்க்கச் சொன்னேன். அண்ணை முணுமுணுத்தபடி சேர்த்தார். மூன்று கிழமையில் ஒரு நேர்ஸ் வீட்டுக்கு வந்து இரத்தம் எடுத்து, பிரஷர் பார்த்து, வயிற்றுக்குக் குறுக்கே நாடா பிடித்துவிட்டுப் போனார். 41 பவுண் 52 ஆனது. மாதம் 11 பவுண் அப்பாவுக்காக. செலவுக் கொப்பியில் மனைவி அதைத் தனி வரியாகவே எழுதிவந்தாள்: ‘மாமா 11’.

இந்தக் காப்புறுதி எங்கிருந்து வந்தது என்பதைப் பல வருடம் கழித்துத்தான் படித்தேன். 1967 டிசம்பரில் கேப்ரவுணில் முதல் இருதய மாற்றுச் சிகிச்சை நடந்தபோது கிறிஸ்டியான் பார்னார்டின் குழுவில் அவருடைய தம்பி மாரியஸும் இருந்தார். அந்தத் தம்பிதான், அறுவையில் பிழைத்த தன் நோயாளிகள் காசில்லாமல் உடைந்துபோவதைக் கண்டு, இப்படி ஒரு காப்புறுதியை யோசித்து 1983இல் தென்னாபிரிக்காவில் கொண்டுவந்தவர். முதலில் நாலே நோய்: மாரடைப்பு, பக்கவாதம், புற்றுநோய், பைபாஸ் அறுவை. அப்பா விஞ்ஞான ஆசிரியர். இருதயத்தைக் கரும்பலகையில் வரைந்து, நீலச் சோக்கும் சிவப்புச் சோக்கும் தீட்டி, பார்னார்ட் கதையை ஒவ்வொரு வருடமும் ஒன்பதாம் வகுப்புக்குச் சொல்வார். நானும் அந்த வகுப்பில் இருந்து கேட்டவன். தம்பி ஒருவர் இருந்ததை அவர் சொன்னதாக நினைவில்லை.

இதை எடுத்தது சரியா என்று இருபது வருடமும் மனம் இரண்டு பக்கமும் ஆடியது. என்னோடு இரவு வேலை செய்த ஒருவர் 2011இல் கடையிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு இருந்துவிட்டார். அம்புலன்ஸ் வந்தது, டூட்டிங் செயின்ட் ஜோர்ஜ் ஆஸ்பத்திரியில் அன்றைக்கே குழாய் விட்டு ஒரு ஸ்ரென்ட் வைத்தார்கள். அவரிடமும் கிரிட்டிக்கல் இல்னஸ் இருந்தது. கம்பனி தரவில்லை. மாரடைப்பு என்றால் இருதயத் தசை செத்திருக்கவேண்டும், இ.சி.ஜி.யில் புதிய மாற்றம் வேண்டும், இரத்தத்தில் ட்ரோபோனின் குறிப்பிட்ட அளவைத் தாண்டவேண்டும். அவருக்குத் தாண்டவில்லை. நல்லகாலம், தசை சாகுமுன் வந்துவிட்டீர் என்று டொக்டர் சொன்னதைத்தான் கம்பனியும் கடிதத்தில் சொன்னது, வேறு தொனியில். அவர் நாலு மாதம் வேலைக்குப் போகவில்லை.

மனைவியோடு வேலை செய்த பெண்ணுக்கு மார்பில் புற்றுநோய். அது பரவும் வகை என்று அறிக்கையில் இருந்ததால் மறு பேச்சில்லாமல் முழுத் தொகையும் வந்து வீட்டுக்கடன் தீர்ந்தது. இன்னும் முன்னமே பிடித்திருந்தால் அந்தக் காசு வந்திருக்காது. இதைச் சாப்பாட்டு மேசையில் என்னிடம் சொன்னபோது மனைவி, தான் என்ன சொல்கிறாள் என்பது பாதியில் விளங்கி, நிறுத்திவிட்டாள். இப்போது பத்துக் கோரிக்கையில் ஒன்பதுக்கு மேல் கொடுக்கிறார்கள், சிறு நிலைகளுக்கும் ஒரு பங்கு தரும் ஒப்பந்தங்கள் இருக்கின்றன. அவை எங்கள் காலத்துப் புத்தகத்தில் இல்லை.

இன்றைக்கு யாராவது என்னைக் கேட்டால், முதலில் வருமானக் காப்புறுதியைப் பார் என்றுதான் சொல்வேன். நோயின் பெயர் எதுவானாலும், வேலை செய்ய முடியவில்லை என்றால் மாதா மாதம் சம்பளத்தில் ஒரு பங்கு தரும். பெற்றோல் ஸ்டேசனில் என்னோடு நின்றவர்களை வேலையிலிருந்து விழுத்தியது பெரும்பாலும் முதுகும் மனமும்தான். இரண்டும் கடும் நோய்ப் புத்தகத்தில் இல்லை. எங்களுக்கு அண்ணை அதை ஒரு வரியில் சொல்லி, இரவு வேலைக்காரனுக்கு விலை கூட என்று பக்கத்தைத் திருப்பினார். நாங்களும் கேட்கவில்லை. அந்த வயதில் முதுகு நோ ஒரு வருத்தமாகவே தெரியவில்லை.

இன்னொன்றும் உண்டு, எங்கள் சனத்துக்கே உரியது. செத்த வீட்டுக்கு ஊர் திரண்டு வரும், காசு சேர்க்கும், எட்டுச் செலவுக்குச் சமைத்துத் தரும். வருத்தக்காரன் வீட்டில் கதவைச் சாத்தி வைத்திருப்போம். ஸ்ரென்ட் வைத்த அந்த இரவு வேலை நண்பர் நாலு மாதமும் ஊருக்குப் போயிருக்கிறார் என்றுதான் அவருடைய மனைவி எங்களிடமே சொன்னார்.

2016இல் எனக்குச் சீனி வருத்தம் என்று ஜி.பி. சொன்னார். வயது 48. அது புத்தகத்தில் இல்லை, காசும் இல்லை. ஆனால் அதற்குப் பிறகு புதிதாக இப்படி ஒன்றை எடுக்கப் போனால் கதவைச் சாத்தியிருப்பார்கள், அல்லது கட்டமுடியாத விலை சொல்லியிருப்பார்கள். 2004இல் ஒப்புக்கொண்ட 52 பவுண் 52 ஆகவே போனது. அந்த வருடம்தான் மனைவி வாங்கியதைப் பற்றி நல்ல வார்த்தை சொன்னாள்.

அப்பா வாழ்ந்தது 51 வருடமும் நாலு மாதமும். 2019 கார்த்திகையில் நான் அதைத் தாண்டினேன். யாரிடமும் சொல்லவில்லை. அன்றிரவு வேலை இருந்தது, போனேன். விடியப்புறம் பால் லொறி வந்தபோது இடக்கையால் கூடைகளை இறக்கிப் பார்த்தேன். கனக்கவில்லை.

2024 ஐப்பசியில் கம்பனியிடமிருந்து கடிதம் வந்தது. ஒப்பந்தம் முடிந்தது, இதற்கு மீள்பெறுமதி எதுவும் இல்லை. மனைவி பழைய கொப்பியைத் தேடி எடுத்துக் கூட்டினாள்: 12,480 பவுண். அதில் மாமாவின் பங்கு 2,640. அவள் எதுவும் சொல்லாமல் கடிதத்தைக் கொப்பிக்குள் வைத்து மூடினாள்.

மகன் இப்போது சட்டனில் ஒரு ஃபிளாட் வாங்குகிறான். படிவத்துக்குப் புரோக்கர் யாரும் வருவதில்லை, மடிக்கணினியில் அவனே நிரப்புகிறான். போன சனிக்கிழமை எங்கள் சமையலறை மேசையில் இருந்துகொண்டு கேட்டான்.

"அப்பா, உங்களுக்கு அறுபதுக்கு முதல் டயபிடிஸ் வந்தது, என்ன?"

"ஓம்."

"எத்தனை வயசில?"

"நாற்பத்தெட்டு."

தட்டினான். அடுத்த கேள்விக்குப் போனான்.

"அப்பப்பாவைப் பற்றிக் கேக்கேல்லையோ?" என்றேன்.

திரையை மேலும் கீழும் உருட்டிப் பார்த்தான்.

"இல்லையப்பா. உங்களை மட்டும்தான்."